சுட்டெண்ணும் சந்தேகமும்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது கல்வி வரலாறு பற்றிய ஒரு கட்டுரை. கல்லூரியின் வரலாற்றை என்னிலும் நன்றாக அறிந்த மூத்த அக்காமார் இம்மலரில் எழுதுகிறார்கள். ஆகவே நான் பரீட்சையை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுமதி பெற்றேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு, பிறகு பரீட்சைகளும் இணையவழியாக வீட்டு மேசைக்கு வந்தபோது, "இப்ப எல்லாப் பிள்ளையளும் பார்த்துத்தானே எழுதுதுகள்" என்ற பேச்சு எங்கும் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் கேட்டேன், கொழும்பில் கேட்டேன், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் வகுப்புத் தோழியர் தொலைபேசியில் சொல்லவும் கேட்டேன். எம்மில் பலர் இன்று விரிவுரையாளர்கள், பரீட்சகர்கள். இன்னும் பலர் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளின் தாய்மார். அந்தப் பேச்சை நாங்கள் மற்றவர்களைப்போல இலேசாகப் பேசிவிட முடியாது. ஐம்பது வருடங்களுக்கு முன் அதே பேச்சு எங்கள் பிள்ளைகளைக் குறித்துப் பேசப்பட்டது.

முதலில் பழைய கதை. 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய காலத்தில், பரீட்சை என்றால் சபை கூட்டிக் கேள்வி கேட்பதுதான். அமெரிக்க மிசன் பாடசாலைகளில் மிசனரிமாரும் பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் முன்னால் அமர்ந்திருக்க, பிள்ளைகள் எழுந்து நின்று வாசிப்பார்கள், கணக்குக்கு விடை சொல்வார்கள், வேதாகமப் பகுதிகளை ஒப்புவிப்பார்கள். ஒரு பெண்பிள்ளை பலர் முன்னிலையில் வாய்திறந்து பதில் சொல்வதே அன்று ஊருக்குப் புதுமை. அந்தப் பரீட்சையில் பார்த்தெழுத இடமில்லை. ஆனால் கேட்பவருக்குப் பிள்ளையைத் தெரியும், பிள்ளையின் வீட்டையும் தெரியும். 1840இல் உடுவிலுக்கு வந்து 1879 வரை பாடசாலையை நடத்திய எலைசா அக்னியூ அம்மையார், தம்மிடம் படித்தவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும்கூடப் படிப்பித்தவர். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரைச் சொன்னார்கள். அப்படியான ஒருவர் கேட்கும் கேள்வியில் அன்பு இருந்திருக்கும், நியாயமும் இருந்திருக்கும். எல்லாருக்கும் ஒரே அளவு கடினமான கேள்வி போயிருக்குமா என்பதை மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வாய்மொழிப் பரீட்சைக்கு மதிப்பில்லாமல் இருந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 1850இல் வெளியான தமது நூலில் எமர்சன் ரெனன்ற், வட்டுக்கோட்டைச் செமினரியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார். ஆனாலும் அது ஒரு விருந்தினரின் புகழ்ச்சி. ஊருக்கு வெளியே செல்லுபடியாகும் சாட்சியம் வேறு. அது 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது கிடைத்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளாகப் பெயர் பெற்ற கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். செமினரி 1855இல் மூடப்பட்டுவிட்டது. அது என்ன படிப்பித்தது என்பதற்கான அத்தாட்சி அதற்குப் பின்னர், கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தார் பரீட்சைப் பெறுபேற்றின்மேல் வைத்த அளவுகடந்த மதிப்பு இங்கேயிருந்து தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

1880இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, மாணவரை இலண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டங்களுக்கே ஆயத்தம் செய்தது. வினாத்தாள் முத்திரையிட்டுக் கப்பலில் வந்தது, விடைத்தாள் முத்திரையிட்டுக் கப்பலில் போனது. திருத்துபவருக்கு உடுவிலும் தெரியாது, உடுப்பிட்டியும் தெரியாது. விடைத்தாளின் தலைப்பில் இருந்தது ஓர் எண் மட்டும். எம்மில் எத்தனை பேருக்குப் பெறுபேறு வந்த நாள் மறந்தாலும் சுட்டெண் மறக்கவில்லை! ஒரு பிள்ளையின் பெயரை மறைத்து எண்ணைக் கொடுப்பதில் ஒரு பெரிய மரியாதை இருக்கிறது. நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், என்ன சாதி, எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்கமாட்டேன், எழுதியதை மட்டும் பார்க்கிறேன் என்று அந்த எண் சொல்கிறது. சாதியும் சீதனமும் எல்லாக் கதவுகளிலும் காவல் நின்ற ஒரு சமூகத்தில் இது சின்ன விடயமல்ல.

இந்த வழியைச் சீனர் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தனர். சொங் வம்சக் காலத்து அரச பரீட்சைகளில் விடைத்தாளில் பெயர் எழுதிய பகுதியை ஒட்டி மூடினார்கள். கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்று தெரிந்ததும், எழுத்தர்களை வைத்து ஒவ்வொரு விடைத்தாளையும் மறுபடி பிரதியெடுத்து, அந்தப் பிரதியையே திருத்தக் கொடுத்தார்கள். அவ்வளவு கவனம்! பெயரை மறைக்கலாம், கையெழுத்தையும் மறைக்கலாம். ஆனால் விடை எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதை எந்த எழுத்தராலும் மறைக்க முடியாது. எங்கள் கதை அந்த இடத்தில்தான் முறிந்தது.

விஞ்ஞானப் பாடங்கள் ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறியபின், பல்கலைக்கழக அனுமதிக்கான விடைத்தாள்கள் இரண்டு மொழிகளில் வந்தன. தமிழில் எழுதியதைத் தமிழர் திருத்தினர், சிங்களத்தில் எழுதியதைச் சிங்களவர் திருத்தினர். 1969-70 அனுமதியில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழர். 1970இல் அடுத்த தொகுதிக்கான பெறுபேறுகள் வந்தபோது, தமிழ்ப் பரீட்சகர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் புள்ளிகளை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டுக் கிளம்பியது. சுட்டெண் ஆளை மறைத்தது, மொழி இனத்தைக் காட்டிக் கொடுத்தது. அந்தக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் நிரூபணத்துக்கு யாரும் காத்திருக்கவுமில்லை. 400 புள்ளிகளுக்கான அந்தப் பரீட்சையில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு வெட்டுப்புள்ளி 250, சிங்களமொழி மூல மாணவருக்கு 229. பேராதனைப் பொறியியலுக்கு 250, 227.

தரப்படுத்தலின் கதை இதன்பின் நீண்டது. 1973இல் ஒவ்வொரு மொழிமூலத்திலும் தோற்றியோரின் தொகைக்கு ஏற்ப அனுமதி கிடைக்கும்படி புள்ளிகள் ஒரே அளவுகோலுக்கு மாற்றப்பட்டன. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. 1977க்குப் பிறகு மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது, மாவட்ட ஒதுக்கீடு வேறு விகிதங்களில் இன்றுவரை இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில் படித்த மன்னார்ப் பிள்ளைக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் மாவட்ட ஒதுக்கீடு ஒரு கதவைத் திறந்தது. அதை நியாயம் என்று வாதிட முடியும். 1970இல் நடந்தது வேறு வகை. அங்கே ஒரு தொகுதி மாணவர் முழுவதுமே களவாகப் புள்ளி பெற்றவர்கள் என்ற சந்தேகத்தின்மேல் ஒரு கணக்குப் போடப்பட்டது. 249 எடுத்த ஒரு பிள்ளை, தான் என்ன களவு செய்தேன் என்று யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கோபம் பின்னாளில் எங்கே போய் முடிந்தது என்பதை இம்மலரின் வாசகியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் தலைமுறை படித்தது அந்த முடிவின் நடுவில். 1990இல் மின்சாரம் போனபின் படித்தவர்களுக்குப் போத்தலில் திரியிட்டு எரித்த குப்பி விளக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே வீதியில் இறங்கி நடந்தபோது பாடக்கொப்பிகளையும் சுமந்துகொண்டு நடந்த பிள்ளைகளைத் தெரியும். ஊர் இரண்டுபட்டுக் கிடந்த காலத்திலும் வினாத்தாள் கொழும்பிலிருந்து வந்தது, விடைத்தாள் கொழும்புக்குப் போனது. அரசாங்கத்தோடு வேறெந்த விடயத்திலும் நம்பிக்கை வைக்காத வீடுகளும் பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேற்றை நம்பின. இந்த முரண்பாட்டை யாராவது ஒரு வரலாற்று மாணவி ஆராய வேண்டும்.

இனி இணையவழிப் பரீட்சைக்கு வருவோம். 2020இல் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் 'லேர்ண்' எனப்படும் தங்கள் கல்வி வலையமைப்பின் ஊடாகச் சூம் வகுப்புகளை நடத்தின. தொலைபேசி நிறுவனங்கள் பல்கலைக்கழகத் தளங்களுக்கான டேட்டாவை இலவசமாக விட்டன. அது பெரிய உதவி. ஆனால் டேட்டா இலவசமாகலாம், சிக்னல் இருக்க வேண்டுமே! பதுளைப் பக்கம் பொகிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் பாடங்களைப் பெறுவதற்காகக் காட்டுவழியே நடந்து ஒரு பாறையின் உச்சிக்கு ஏறிய செய்தி 2021இல் உலகமெங்கும் வந்தது. எங்கள் தீவகத்திலும் வன்னியிலும் இதே கதைதான், பாறைக்குப் பதில் வேப்பமரம் அல்லது தண்ணீர்த்தாங்கி.

இந்த நிலையில் பரீட்சை வைத்தால் என்ன நடக்கும்? உண்மையைச் சொல்ல வேண்டும், களவு நடந்தது. வட்ஸ்அப் குழுக்களில் விடைகள் ஓடின. ஒரே அறையில் மூன்று பேர் இருந்து எழுதினார்கள். மருத்துவ மாணவருக்கான சரி-பிழைக் கேள்விகளைப்போல ஒற்றைச் சொல்லில் விடை வரும் பரீட்சைகள்தான் இதற்கு மிக வசதியானவை. பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கும் முறை, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடப் பழக்குவதற்காக வந்தது. பக்கத்தில் போன் இருந்தால் 'தெரியாது' என்ற நிலையே இல்லாமல் போகிறது. மருந்தின் அளவு தெரியாமல் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் பழக்கம் வாட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நோயாளி எங்கள் விடைத்தாளைப் பார்ப்பதில்லை, சுவரில் மாட்டியிருக்கும் பத்திரத்தைத்தான் பார்க்கிறார்.

பல்கலைக்கழகங்களும் சும்மா இருக்கவில்லை. கேள்விகளின் ஒழுங்கை ஒவ்வொருவருக்கும் மாற்றினார்கள், திரும்பிப் போக முடியாதபடி ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் காட்டினார்கள், நேரத்தை இறுக்கினார்கள், கமராவைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் களவெடுப்பவனுக்குச் சிறு தடை. ஆனால் தொடர்பு அறுந்து அறுந்து வரும் வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய தண்டனை. கமரா நின்றால் சந்தேகம், கண் பக்கவாட்டில் போனால் சந்தேகம், பின்னால் அம்மம்மாவின் குரல் கேட்டால் சந்தேகம். ஒற்றை அறை வீட்டில் அம்மம்மா எங்கே போவா?

சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரியின் கதை இருக்கிறது. 2021இல் டார்ட்மத் மருத்துவக் கல்லூரி, தொலைவிலிருந்து எழுதிய பரீட்சைகளில் களவு செய்ததாக 17 மாணவர்மீது குற்றஞ்சாட்டியது. சாட்சியம் என்ன? பரீட்சை நேரத்தில் அவர்களுடைய கணக்குகளில் பாடக்குறிப்புப் பக்கங்கள் திறந்ததாகக் கற்றல் தளத்தின் பதிவேடு காட்டியது. கமராவில் யாரும் பிடிபடவில்லை, கண்ணால் கண்டவர் எவருமில்லை. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் ஆராய்ந்தபோது ஓர் எளிய விளக்கம் வெளிவந்தது. படிப்பதற்காகத் திறந்து வைத்த போனோ மடிகணினியோ பக்கத்து அறையில் கிடந்தாலும், அது தானாகவே தளத்தோடு தொடர்புகொண்டு பக்கங்களைப் புதுப்பிக்கும், அதுவும் பதிவேட்டில் மாணவரின் செயலாகவே விழும். சிலரை நீக்குவதாகத் தீர்மானம் வந்த பிறகு, அந்த ஆண்டு ஜூனில் எல்லாக் குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன, கல்லூரி மன்னிப்பும் கேட்டது. மன்னிப்புக் கேட்டது நல்லது. இங்கே 1970க்கு யாரும் கேட்கவில்லை.

இலண்டனில் இருக்கும் சகோதரியருக்கு இன்னொரு கதை நினைவிருக்கும். 2020 ஓகஸ்ட் 13இல் இங்கிலாந்தில் உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்தன. பரீட்சையே நடக்காததால் ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களை, பாடசாலையின் முன்னைய பெறுபேறுகளைக் கொண்டு ஒரு கணிப்பு முறை திருத்தியது. ஏறத்தாழ 40 வீதமான தரங்கள் குறைந்தன. வசதி குறைந்த பகுதிப் பாடசாலைகளின் கெட்டிக்காரப் பிள்ளைகள் தெருவுக்கு இறங்கினார்கள். நான்காம் நாள், ஓகஸ்ட் 17இல், அரசாங்கம் பின்வாங்கி ஆசிரியர்களின் மதிப்பீட்டையே ஏற்றது. ஆசிரியர் தன் பிள்ளைக்கு அள்ளிக் கொடுத்திருப்பார் என்ற ஐயம், தனிப் பிள்ளையின் புள்ளியைக் கூட்டத்தின் கணக்கால் திருத்தியது. இதை வாசித்தபோது நான் இங்கிலாந்தை நினைக்கவில்லை, 250ஐயும் 229ஐயும்தான் நினைத்தேன்.

எங்கள் பல்கலைக்கழகங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பரீட்சைக்கு முன் கெட்டிக்கார மாணவர் ஒருவர் மற்றவர்களை இருத்திப் படிப்பிப்பதை 'குப்பி' என்பார்கள். அந்தப் பெயர் குப்பி விளக்கிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. ஒரே குப்பியில் இருந்த பத்துப் பேர் ஒரே வசனத்தை ஒரே பிழையோடு எழுதுவார்கள். அந்தப் பிழை குப்பி நடத்தியவருடையது. விடைகளின் ஒற்றுமையைத் தேடும் கணினிக்கு இது களவாகத் தெரியும். பத்து வருடம் ஒரே ரியூற்றரிக் குறிப்பை மனனம் செய்து வளர்ந்த சமூகத்தில், ஒற்றுமை களவுக்கு அத்தாட்சி ஆகாது. திருத்துபவர் இதை அறிந்திருக்க வேண்டும். அறிந்தபின்னும் சந்தேகம் இருந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு, எழுதியதை விளக்கச் சொல்லிக் கேட்கலாம். எழுதியவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

மண்டபத்தில் நடக்கும் பரீட்சை தூய்மையானது என்றும் யாரும் எண்ண வேண்டாம். 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் சும்மா வரவில்லை. 2024 ஜனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் கசிந்து அந்தப் பரீட்சை மறுபடி நடந்தது. அதே வருடம் செப்டெம்பரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வினாத்தாளில் மூன்று கேள்விகள் கசிந்து, வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. பத்து வயதுப் பிள்ளைகளின் வினாத்தாளை வெளியே கொடுத்தது பத்து வயதுப் பிள்ளைகளல்ல.

மருத்துவத்தில் ஒரு பரீட்சை மட்டும் அன்று தொட்டு அதிகம் மாறவில்லை. மாணவி ஒரு நோயாளியிடம் தனியே இருந்து விபரம் கேட்டு, உடலைப் பரிசோதித்து, பின்னர் பரீட்சகர்முன் நின்று சொல்ல வேண்டும். எங்களுக்கு அயலிலே, மானிப்பாயில், சாமுவேல் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவம் பயிற்றியபோதும் நோயாளியின் கட்டிலருகே கேள்வி கேட்டுத்தான் பயிற்றியிருப்பார். இதிலும் களவுக்கு வழி உண்டு என்பதை இரகசியமாகச் சொல்லிவைக்கிறேன். பரீட்சைக்கென்று அடிக்கடி அழைக்கப்படும் பழைய நோயாளிகளுக்குத் தங்கள் வருத்தத்தின் ஆங்கிலப் பெயர் எங்களைவிட நன்றாகத் தெரியும். பிள்ளை முழிப்பதைப் பார்த்து இரங்கி, "பிள்ளை, எனக்கு இடதுபக்க வால்வுதான் பிழை" என்று காதோடு சொல்லிவிடுவார்கள். எல்லா மருத்துவபீடங்களிலும் இந்தக் கதை உண்டு. ஆனால் வருத்தத்தின் பெயர் தெரிந்தாலும் தப்ப முடியாது. எப்படிக் கண்டுபிடித்தாய், அடுத்து என்ன செய்வாய், ஏன் என்று மூன்று கேள்வியில் பரீட்சகர் அறிந்துவிடுவார்.

இன்று மாணவரின் கட்டுரையைக் கணினியே எழுதிக் கொடுக்கும் காலம் வந்துவிட்டதால், மற்றப் பீடங்களிலும் விரிவுரையாளர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாய்மொழியாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். சுற்றி வந்து நாங்கள் அக்னியூ அம்மையாரின் மண்டபத்துக்கே வந்துவிட்டோம். அந்த மண்டபத்தின் பழைய குறையும் கூடவே வருகிறது. நேரில் கேட்பவருக்குப் பெயர் தெரியும், முகம் தெரியும், பேச்சு வழக்கில் ஊரும் தெரியும். அதனால்தான் நல்ல மருத்துவப் பரீட்சைகளில் இரண்டு பரீட்சகர் இருந்து, எல்லாருக்கும் ஒரே கேள்விப் பட்டியலை வைத்து, ஒருவர் புள்ளியை மற்றவர் பார்க்காமல் இடுகிறார்கள். நேரமும் பணமும் ஆளும் வேண்டும். இருநூறு பேருள்ள வகுப்புக்கு இது எப்படி முடியும் என்று கேட்கும் விரிவுரையாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 1970ஐச் சுற்றிய அந்த ஆண்டுகளில் உயர்தர விஞ்ஞானப் பரீட்சை எழுதியவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். தமிழ்மொழி மூல விடைத்தாள்களைத் திருத்தியவர்கள் இன்னும் மூத்தவர்கள். அவர்களில் எமது பழைய மாணவியரோ எமது கல்லூரியில் படிப்பித்த ஆசிரியையரோ எங்காவது இருந்தால், திருத்தும் நிலையத்தில் என்ன முறை இருந்தது, ஒரு விடைத்தாளை எத்தனை பேர் பார்த்தார்கள், குற்றச்சாட்டு வந்தபோது உங்களை யாராவது விசாரித்தார்களா என்பதைத் தயவுசெய்து எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ சங்கத்துக்கு அனுப்புங்கள். கையெழுத்து நடுங்கினால் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். வாசித்தெடுக்க நாங்கள் இருக்கிறோம்.